அமிலேஸ்

பெருந்துறை சிப்காட், இரவு ஷிப்ட்.
நீல டிரம்மில் நான்தான் எழுதி ஒட்டினேன்.
ஆய்வுக்கு வருகிறவர்கள்
எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்றார்களாம்.

சம்பூர்ணம் எழுத்துக்கூட்டினாள்.
பாதியில் வாளியைக் கீழே வைத்தாள்.
"ஆசிட்டை நாந் தொட மாட்டனுங்க.
ஜிக்கர்காரன் கையைப் பாத்தீங்கல்ல?"

குற்றம் அவள் கண்ணில் இல்லை.
லேயின் இரட்டைக் கொம்பை முறித்துவிட்டால்
மிச்சம் நிற்பது அமிலம்தான்.

புளிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க்கா,
இது கிரேக்கம்.
மிலே என்றால் திரிகைக் கல்.
முன்னால் நிற்கிற அ,
அநியாயத்தில் வருகிற அதே அ.
கோதுமையைத் திரிக்காமல் ஊறவைத்து
பிசைந்து, தெளியவிட்டு எடுத்த மாவுக்கு
கல்லில் படாதது என்று பேர்.
அந்த மாவை உடைக்கிற சரக்குக்கும்
அதே பேர், கூட ஒரு வால்.
வால்கூடச் சொந்தமில்லை.
பிரிப்பு என்று பொருள்படும்
பழைய நொதிப் பெயர் ஒன்றிலிருந்து
பிரித்து எடுத்தது.

பம்பு ஓடும் சத்தத்தில்
இதில் எவ்வளவு கேட்டதோ.

"கல்லுன்னா... மில்லுங்களா?"

மில் அதுக்குப் பங்காளி முறை, என்றேன்.

"அப்ப, மில்லு இல்லைன்னா எழுதியிருக்குது?"

பல்லடம் ரோட்டில் பதினோரு வருசம்
அவள் கோன் வைண்டிங் பார்த்த இடத்தில்
இப்போது கல்யாண மண்டபம்.
பிஎஃப் பணத்துக்கு
மூன்றாவது முறை மனுக் கொடுத்திருக்கிறாள்.
எனக்குத் தெரியும். அந்த மனுவும்
என் கையெழுத்துதான்.

"இதுக்கும் கையுறை போடோணுமுங்களா?"
போடோணும்.

போட்டாள். ஊற்றினாள்.
அறுபது டிகிரியில் துணி சுற்றியது,
நெசவுக்காக நூல் குடித்திருந்த கஞ்சி
கொஞ்சங் கொஞ்சமாகத் தண்ணீருக்குப் போனது.
மூலையில் ஒரு துண்டு கிழித்து நீட்டினாள்.
அயோடின் ஒரு சொட்டு விட்டேன்.
நடுவில் மஞ்சள்.
கரையோரம் இன்னும் நீலம்.

"இன்னொரு சுத்து விடுங்க்கா."

விடிந்து பார்த்தால்
என் எழுத்துக்குக் கீழே, பால்பாயிண்டில்,
அழுத்தி, காகிதம் கிழிய:
மில்லு இல்லை.

பதினொரு மணிக்கு வந்த அதிகாரி
அந்த டிரம் முன்னால் வெகுநேரம் நின்றார்.
பிறகு பதிவேட்டைக் கேட்டார்.
"மில் இல்லையென்றால்
இந்த இடத்துக்கு என்ன பேர் போடுவது?"