வலது காது

பன்னிரண்டு வருஷமாக நான்தான் மால்கு.
தலைமைக் குருவின் வேலைக்காரன்.
வசனம் கிடையாது.
வெட்டுப்பட வேண்டும், கத்த வேண்டும்,
விழுந்த காதைத் தேடி மண்ணைத் துழாவ வேண்டும்.

வெட்டுப்பட்டது வலது காது என்று
தெளிவாகவே எழுதியிருக்கிறதாம்.
என்னுடைய வலது காது பர்கூர் குவாரியில் போனது,
மூன்றாவது வெடி ஏன் வெடிக்கவில்லை என்று
எட்டிப் பார்த்த அன்றைக்கு.
"தொம்மைக்கு ஒத்திகையே வேண்டாம்,"
ஃபாதர் அமலதாஸ் சிரித்துக்கொண்டே பெயர் எழுதினார்.

பொய்க்காதை என் மனைவி பெர்னதத் செய்வாள்.
மைதா, கொஞ்சம் பீட்ரூட் சாறு.
ஒரு வருஷம் சிலுவைப்பாதை முடிவதற்குள்
எறும்பு மொய்த்துவிட்டது.

பேதுரு, இஞ்ஞாசி.
வயசானவர்கள் இன்னும் இராயப்பர் என்பார்கள்.
பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன்.
எந்த எல்லை, என்ன நடந்தது, யாருக்கும் தெரியாது.
வாள் பிடிக்க மட்டும் அவனுக்கு வரவில்லை,
அங்கே வாள் ஏது.
மாந்தோப்பில் நிற்கிறதே நடுகல்,
மாடு மீட்கப் போய் அம்பு தைத்துச் செத்தவன்,
அவனைப் பார்த்துவிட்டு வந்து அப்படியே நின்றான்:
கை ஓங்கி, முழங்கால் மடங்கி.
அந்தக் கல்லில், மேலே, இரண்டு பெண்கள்
செத்தவனைச் சொர்க்கத்துக்குத் தூக்கிப் போகிறார்கள்.
எங்கள் பேதுருவுக்கு அந்த ஏற்பாடு இல்லை.
வெட்டிய கையோடு ஏச்சு வாங்க வேண்டும்.

ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிப்பதும் பெர்னதத்தான்.
மூன்றாவது, எல்லையில் நிற்கும் நம் ஊர்ப் பிள்ளைகள்
வெற்றியோடு திரும்ப.
ஐந்தாவது, உலக சமாதானத்துக்கு.
இரண்டுக்கும் ஒரே பதில், ஒரே ராகம்.
நடுவில் நான்காவது, மழைக்கு.
அதில் மட்டும் குரல் கொஞ்சம் உயரும்.

கிருஷ்ணகிரியிலிருந்து கடைசி பஸ்ஸில் வரும்போதெல்லாம்
நான் ஜன்னலோரம், அவன் என் வலப்பக்கம்.
பேசிக்கொண்டே வருவான்.
இருட்டுக் கண்ணாடியில் உதடு அசைவது தெரியும்.
ஒரப்பம் தாண்டும்போது ஒருமுறை
முகத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டான்.
நான் தலையாட்டினேன்.
எனக்கு எந்தக் காது போனதென்று அவனுக்குத் தெரியாதா?
பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம்
அவன் போய் நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் சேசுவாக நடித்தது
பாலிடெக்னிக் படிக்கும் ஜெரால்டு.
வாள் வந்தது. காது விழுந்தது. கத்தினேன்.
அடுத்து அவன் சொல்ல வேண்டும்,
அந்த ஒரு வரி.
பையனுக்கு மறந்துவிட்டது.

மைக் இரைந்தது.
பந்தத்திலிருந்து எண்ணெய் சொட்டியது.
இஞ்ஞாசி வாளை மறுபடி ஓங்கியபடி நின்றான்.
உத்தரவு வரவில்லை.
தெர்மாகோல் வாள்தான்,
அதில் சுற்றிய வெள்ளித்தாள் சலசலக்க ஆரம்பித்தது.
அவன் கண் என்மேல் இல்லை.
எனக்குப் பின்னால், சற்றே தாழ,
அங்கே யாரோ மண்டியிட்டிருப்பதுபோல.

காதை எடுத்து மண்ணோடு ஒட்டிப் பார்த்தேன்.
ஒட்டவில்லை.
கையில் பிடித்துக்கொண்டே எழுந்து
"போதும் இஞ்ஞாசி" என்றேன்.
பேதுரு என்று சொல்லியிருக்க வேண்டும்.
கூட்டம் சிரித்தது.
ஃபாதர் சிரிக்கவில்லை.

வாள் இறங்க நேரமானது.
அட்டை போதாமல் இந்த வருஷம்
உறை செய்யாமலே விட்டது
அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
என் கையில் கொடுத்தான்.

சனிக்கிழமை, கடைசி பஸ்.
கூட்டமே இல்லை.
இஞ்ஞாசி ஏறினான், நின்றான்,
தள்ளி உட்காரச் சொல்லிக் கை காட்டினான்.
ஜன்னலோரம் அவன். என் இடப்பக்கம்.

ஒரப்பம் தாண்டியது.
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.