நோகாத இடம்

ஆங்கிலப் பேய்ப்படம் என்று தந்தான் கசெட் கடைக்காரன்.
பேயே வரவில்லை.
குதிரையில் ஒருவன் வந்தான்,
கையில் நீண்ட ஊசி.
சூனியக்காரியின் உடம்பில் எங்கோ
ஓரிடம் நோகாதாம்.
தேடினான்.
தலைக்கு இத்தனை வெள்ளி என்று
ஊர்க்காரர் எண்ணிக் கொடுத்தார்கள்.

பிறகு கயிறு கட்டிக் குளத்தில் இறக்கினார்கள்.
மிதந்தால் சூனியக்காரி.
மூழ்கியவள் குற்றமற்றவள், அவளுக்கு ஜெபம்.
"கெதியா ஓட்டு" என்றான் தவநேசன்.
ரிமோட் யாரிடமென்று தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை லொட்ஜின் வாசலில்
ஜீப் நின்றது அப்போதுதான்.
சேட்டைக் கழற்றச் சொன்னார்கள்.
டோர்ச் வெளிச்சம் தோளில், முழங்கையில், முழங்காலில்
நின்று நின்று போனது.
என்னுடையது சைக்கிளால் விழுந்த தழும்பு.
தவநேசனுடையது மண்ணெண்ணெய் அடுப்பு.
அடுப்புக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று
அவனுக்கு வரவில்லை.
எனக்குத் தெரியும்.

விடிய, லொட்ஜ் மனேஜர்
இன்ஸ்பெக்டரோடு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து
கம்பிக்கு வெளியே நின்று சொன்னார்:
தலைக்கு எட்டாயிரம்.
அக்கா அனுப்பிய காசு மடிப்புக் குலையாமல் இருந்தது,
ஒரு தலைக்குப் போதுமாக.

மத்தியானம் கசெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
"ரீவைண்ட் பண்ணேல்லையோ தம்பி?"
ஐந்து ரூபாய் கூடக் கேட்டான்.
கொடுத்தேன்.