முப்பத்தொன்று மார்ச்

இரவு ஒன்பது நாற்பது.
குடிகாடு சாலையில் எங்கள் அலுவலகத்தில் மட்டும் விளக்கு.
ஜன்னலைத் திறந்தால் அழுகிய முட்டை வாடைக் காற்று,
மூடினால் சொக்கலிங்கம் சாரின் வியர்வை.
மூடியே வைத்திருக்கிறோம்.

தீவிலிருந்து மின்னஞ்சல் வரவேண்டும்.
வந்தால்தான் கணக்கு முடியும்.

பதினோராவது வருடமாக நஷ்டத்தை
நான்தான் தட்டச்சு செய்கிறேன்.
லாபம் காலாண்டுதோறும் நன்றாகத்தான் பிறக்கிறது,
கைகால் உதைத்து, அழுது, எடை கூடி.
மார்ச் கடைசி வாரத்தில்
அதற்கு ஒரு பாஸ்போர்ட் எடுத்துவிடுவோம்.

பெயர்ப் பயன்பாட்டுக் கட்டணம்.
மேலாண்மை ஆலோசனை.
எங்கள் கம்பெனியின் பெயரை
எங்கள் கேட்டில் எழுதிக்கொள்வதற்கு
எங்கள் கம்பெனியே வேறொரு கம்பெனியாகி
எங்களிடம் வாங்குகிற வாடகை.
வந்த புதிதில் புரியவில்லை என்றேன்.
"புரிஞ்சுட்டா அப்புறம் எதுக்கும்மா ஆடிட்டர்?" என்றார் சார்.

அந்த முகவரியை ஒருநாள் வரைபடத்தில் தேடினேன்.
மஞ்சள் கட்டடம், மூன்று மாடி,
வாசலில் சங்கிலி போட்ட சைக்கிள்.
எங்களுக்கு ஆலோசனை சொல்பவர்கள்
இரண்டாம் மாடியில்
ஒரு தபால் பெட்டிக்குள் இருக்கிறார்கள்.

அஞ்சலாட்சி மூன்றாவது முறை டீ கொண்டுவருகிறாள்.
பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு.
இன்று கணக்கு முடிக்கிற ராத்திரி என்று நிறுத்திவைத்திருக்கிறோம்.
தம்ளரை வைத்துவிட்டுக் கேட்கிறாள்:
"வருசா வருசம் நஷ்டங்கறீங்க,
அப்ப மேக்கால ரெண்டாவது சிம்னி எதுக்குக் கட்றாங்க?"

சார் கால்குலேட்டரைத் தட்டினார்.
அதில் எண் எதுவும் இல்லை.

அவள் ஊர் ராசாப்பேட்டை.
தெருக்கோடியில் புயல் பாதுகாப்பு மையம்;
சாவி யாரிடம் என்று புயல் வந்தால்தான் தேடுவார்கள்.
கல்வெட்டில் பெரிதாகத் திறந்துவைத்தவர் பெயர்,
அடியில் பொடி எழுத்தில் வெளிநாட்டு வங்கி ஒன்றின் பெயர்.
அது கொடை இல்லை, டாலர் கடன் என்று
படித்துச் சொன்னவள் நான்.

"எங்க செவ்வாக்கிழம குழு மாதிரியா?"
அப்படித்தான்.
"அப்ப ஜாமீன் கையெழுத்து?"
நீதான்.
"நான் எங்க போட்டேன்?"
போடத் தேவையில்லை.
"எந்தங்கச்சி வயித்துல இருக்கறதுமா?"
அதுவும்தான்.

கடல்காற்றில் அந்தச் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது.
ரூபாய் ஒவ்வொரு முறை சறுக்கும்போதும்
அதன் விலை மட்டும் ஏறுகிறது,
ஒரு செங்கல்கூடக் கூடாமல்.

சில ராத்திரிகளில் எனக்கு இப்படித் தோன்றும்:
நாங்கள் இங்கிருந்து அனுப்பிவைத்த பிள்ளைதான்
ஊர் ஊராகப் போய்ப் பெயரை மாற்றி,
கோட்டு மாட்டிக்கொண்டு,
கடன் கொடுக்கிறவராகத் திரும்பி வந்து
குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் போனதோ?
நிரூபிக்க என்னிடம் வவுச்சர் இல்லை.

பதினொன்று பன்னிரண்டுக்கு மின்னஞ்சல் வந்தது.
நாற்பத்திரண்டு கோடியே சொச்சம்.
பதிந்தேன்.
கடைசி வரி சிவப்பாகி அடைப்புக்குறிக்குள் போய் உட்கார்ந்தது.
சார் கும்பிட்டார், யாரையென்று தெரியவில்லை.
கட்டவேண்டிய வருமான வரி: இல்லை.

பஸ் போய்விட்டது.
இருவரும் ஒரே ஆட்டோவில்.
அவளை இறக்கிவிட்டு நான் முதுநகர் போகவேண்டும்.
உப்பனாற்றுப் பாலத்தில்
ஆட்டோக்காரர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார்.

"ஐந்நூறு இருக்குமா?
விடிஞ்சா குழு. ஒருத்தி கொறஞ்சாலும்
மத்தவங்கள எழுந்திரிக்க விடமாட்டான்."

கொடுத்தேன்.
"நோட்டுல எழுதிக்க."

இன்றைக்கு எல்லா நோட்டையும் மூடியாயிற்று,
எழுதமாட்டேன் என்றேன்.

தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தவள்
சட்டென்று திரும்பி,
கோபமாகவே கேட்டாள்:

"எழுதலன்னா, குடுக்க வேணாம்னு ஆயிடுமா?"