விரலுக்கு இடம்

வின்டர்தூர். நவம்பர். மாலை நாலு நாற்பது.
ஜன்னலுக்கு வெளியே லிண்ட்பெர்க் குன்றைப்
பனிமூட்டம் ஒரே கட்டளையில் அழித்துவிட்டது.
எனக்கு அந்த வசதி இல்லை.

திரையில் ஒரு பம்ப்.
பதினோராயிரத்து முந்நூற்று ஆறு கோடுகள்.
திருகாணியின் ஒவ்வொரு புரிக்கும் ஒன்று.
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுத்திருக்கும்
அதே கோடு மூன்று தடவை.
யாரும் ஒருநாளும் பார்க்கப்போகாத
ஒரு வாஷரின் உள்விட்டம்.
எனக்கு வேண்டியதோ
வெளியால் சுற்றிப் போய்ப்
புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் ஒற்றைக்கோடு,
பெட்டிக்குள் நுரையில் பம்ப் படுக்கிற பள்ளத்துக்கு.
வெள்ளிக்கிழமை லாரி வருகிறது.

உள்ளிருந்து அழித்துக்கொண்டு வந்தேன்:
சுழலி, பேரிங், எண்ணெய்ச்சீல்...
அழிக்க அழிக்க மிச்சம் கூடுவதுபோலிருந்தது.
விட்டுவிட்டு
பம்பைச் சுற்றிப் பெரியதொரு செவ்வகம் வரைந்து
இரண்டுக்கும் நடுவில்
ஒன்றுமில்லாத இடத்தில் சொடுக்கினேன்.
கல்யாணத்துக்கு விசாரிப்பதுபோலத்தான்,
ஆளிடம் கேட்கக்கூடாது,
அயலில் கேட்கவேண்டும்.

அயல் சொன்னது: பரப்பு மூடவில்லை.

எங்கேயோ ஒழுக்கு.
பெருக்கிப் பெருக்கி
எறும்பாய் விளிம்பெல்லாம் நடந்தேன்.
கிரீஸ் வாயருகே, புள்ளி பூச்சியம் மூன்று மில்லிமீட்டர்.
தலைமயிரில் பாதி.
அதற்குள்ளால் வெளி முழுவதும் உள்ளே போய்
உட்கார்ந்திருந்தது.

தைத்தேன்.
ஒரே மூச்சில் பச்சையாய் எழுந்தது கோடு,
முழங்கை மாதிரி ஓரிடத்தில்,
காதுமடல் மாதிரி இன்னோரிடத்தில்.
கோடுதல் என்றால் வளைதல் என்று
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தபோது
அச்சுப்பிழை என்று சண்டை பிடித்தவள் நான்.

வியாழன் காலை நுரை வந்தது.
பொதியிடும் பகுதி ஃபிளூரினும் நானுமாய் பம்பை இறக்கினோம்.
உஸ்ஸென்று காற்று விலக
அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் போவதுபோல் போனது.
கைதட்டினான்.
பிறகு சொன்னான்:
“சரி, இனி வெளியே எடு.”

நகம் நுழையவில்லை.
கைப்பிடி, மூடி, குழாய்வாய்
எல்லாம் கோட்டோடு கோடு.
நாற்பத்தாறு கிலோ.
கடைசியில் நுரையைக் கத்தியால் கீறித்தான் மீட்டோம்.
என் சரியான கோடு
துண்டு துண்டாய்க் குப்பைத்தொட்டியில்.

மேசைக்குத் திரும்பினேன்.
கோட்டை இரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளினேன்.
இடப்பக்கம் ஓர் அரைவட்டம்,
வலப்பக்கம் ஓர் அரைவட்டம்,
பம்பில் எங்குமே இல்லாத வடிவங்கள்.
ஃபிளூரினின் விரலை அளந்தேன்: பத்தொன்பது.
“மோதிரத்தோடா?” என்றான்.
மோதிரத்தோடு இருபத்திரண்டு.
கையுறையோடு இருபத்தாறு.
திறக்கப்போகிறவர் யாரென்று
இரண்டு பேருக்கும் தெரியாது.

முப்பது என்று போட்டேன்.