நாலு தொதல்

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு
சுகிர்தத்தின் தொதல் வராத முதல் வருஷம்.
முழங்கால் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில்
மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.

மர்பி டவுன் கோயில் முற்றத்தில் ஷாமியானா.
பூசணிக்காய் ஒன்று ஆயிரத்துக்குப் போய்,
வாங்கியவரே மறுபடி மேடைக்கு அனுப்ப
இன்னொரு முறை ஆயிரத்து ஐந்நூறுக்குப் போனது.
எபனேசர் மைக்கைத் தட்டி
'அடுத்தது தொதல்' என்றார்.
குனிந்து பார்த்து, 'நாலு இருக்குதே' என்றார்.

அவள் இருக்கும்போது
தொதல் கொண்டுவர யாருக்குத் துணிச்சல்?
ஆனால் யார் கேட்டாலும் பக்குவம் தருவாள்.
பால் கணக்கு நோட்டில் தாள் கிழித்து
புட்டரிசி மாவு ஒரு படி, தேங்காய் ஆறு,
கருப்பட்டி இரண்டு கிலோ, முந்திரி மனசுபோல என்று
சாய்ந்த எழுத்தில் எழுதி
கீழே ஒரு சங்கீத வசனமும் போட்டு
மடித்துக் கொடுப்பாள்.
வீட்டில் கிளறிக் கெட்டபோதெல்லாம்
அவளுக்குக் கைராசி என்று சொல்லிக்கொண்டோம்.

ருசி பார்த்துத்தான் கேட்போம் என்றது கூட்டம்.

ஜெயசீலியுடையது இனித்தது,
இனித்துக்கொண்டே இருந்தது,
ஆமென் வராத பிரசங்கம்.
'ஒரு சிட்டிகை உப்பு போடலையா?'
'தொதலுக்கு உப்பா?'

பிரிசில்லாவுடையது பல்லில் நறநறத்தது.
கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டச் சொல்லி
அவளுக்கு எழுதவில்லை.

இரத்தினாபாய் கெட்டிப்பாலை முதலில் ஊற்றியிருந்தாள்.
திரிந்து, திப்பி திப்பியாய்.

என்னுடையது கத்தியில் ஒட்டியது, வாழையிலையில் ஒட்டியது,
எபனேசரின் மீசையில் ஒட்டிக்கொண்டு
'ஒருதரம்' சொல்லவிடவில்லை.
எண்ணெய் பிரிந்ததும் இறக்கு என்றிருந்தது என் தாளில்.
அதை வழித்துவிட்டு
இன்னும் அரைமணி கிளறவேண்டும் என்பது
இருநூறு பேர் முன்னால்தான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு பள்ளி பெஞ்சில் உட்கார்ந்தோம்.
ஜெயசீலியின் தாள் வேதாகமத்துக்குள் இருந்தது,
மற்றவை போனில் படமாக.
ஒருத்திக்கு விட்டது மற்ற மூவருக்கும் இருந்தது.
பொய் ஒரு வரிகூட இல்லை.
ஆளுக்கு ஒன்றாய்ச் சொல்லாமல் விட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.
யாருக்கு எதை விட்டோம் என்று
பத்தொன்பது வருஷம் மனசில் வைத்திருந்திருக்கிறாள்
மகராசி.

இரத்தினாபாய்தான் போன் போட்டாள், ஸ்பீக்கரில்.
எல்லாவற்றையும் கேட்டாள், மூச்சு விடாமல்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
'ஊட்டா ஆய்த்தா அம்மா?' என்று நர்ஸ் கேட்பது கேட்டது.
பிறகு சுகிர்தம்:
'எவ்வளவுக்குப் போச்சு?'

நாலும் சேர்த்து நானூற்று இருபது.

'போன வருஷம் என்னுது மூவாயிரத்து எழுநூறு'
என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பிரிசில்லா வீட்டு மாடியில்
நாலு தாளையும் ஒன்றாக்கிக் கிளறினோம்.
கரண்டி கைமாறிக் கைமாறி நாலுமணி நேரம்.
கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது.
அதில் ஒரு துண்டு மூன்றாம் மாடிக்கும் போனது.
சாப்பிட்டாள். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை.
இன்னொன்று கேட்டாள்.

நேற்று, புதிதாய்க் குடிவந்த வின்சி
என்னிடம் பக்குவம் கேட்டாள்.
உட்கார்ந்து எழுதினேன்.
உப்பு எழுதினேன். வடிகட்ட எழுதினேன்.
மூன்றாம் பால், இரண்டாம் பால், கடைசியில் கெட்டிப்பால்.
எண்ணெய் பிரியும் என்று எழுதினேன்.
பேனாவில் மை தீரவில்லை,
கரண்டும் போகவில்லை.
கீழே ஒரு வசனம் போட்டு
மடித்துக் கொடுத்தேன்.