பூ பரவும்

பசுவுக்காகத்தான் முதலில் அழுதார் ஹில்கே.
சினைப்பசு. பெயர் ப்ளார்.
பிப்ரவரி, ராத்திரி இரண்டேகால்.
ஃப்ரீஸ்லாந்தின் வானம் கிழிந்து
அவருடைய வெற்று வயலில் விழுந்தபோது
ஒரு சக்கரம் மட்டும் தனியே உருண்டு வந்து
தொழுவச் சுவரை இடித்துத் தள்ளியது.
"எவன் கூப்பிட்டான் இவன்களை இங்கே?"
அவர் கத்தியது ஊருக்கே கேட்டது.

பிறகு விடிந்தது.
பனிமேல் அவர்கள் கிடந்த கிடையைப் பார்த்தவர்
மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

தச்சர் ஔகேயிடம் ஐந்து பெட்டிக்குத்தான் பலகை.
கிடைத்த உடல்கள் ஆறு.
விமானத்தில் இருந்தது ஏழு பேர் என்று
அப்போது யாருக்கும் தெரியாது.
ஆறாவது பெட்டிக்கு
தேவாலயத்தின் கடைசி பெஞ்சைக் கழற்றினார்கள்.
அந்த இடம் இன்னும் காலி.
தாமதமாக வருகிறவர்கள் நின்றபடி ஜெபிக்கிறார்கள்.

படை அதிகாரியின் உத்தரவு:
ஆறு மணிக்குள் முடிய வேண்டும்,
மணி கூடாது, பாட்டு கூடாது, கூட்டம் கூடாது.
கூட்டம் கூடவில்லை.
ஆனால் அன்று காலை பார்த்து
ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும்
தேவாலயத்தெரு வாய்க்காலில்தான்
பால் பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது.
உறைந்து கிடந்த வாய்க்காலில்.

நிலம் கடப்பாரையைத் திருப்பி அடித்தது.
முதல் இரண்டு குழிதான் ஆறடி.
மற்றதெல்லாம் நாலு.
பின்னால் வந்த தாய்மார்களிடம்
இதை யாரும் சொல்லவில்லை.

வர முடியாதவள் எழுதினாள்,
கனடாவின் கோதுமைக்காட்டிலிருந்து, திருமதி தோர்வால்ட்சன்:
"அவனுக்குக் காது சீக்கிரம் குளிர்ந்துவிடும்.
தலையில் தொப்பி இருந்ததா?"
அகராதியோடு ஒரு வாரம் உட்கார்ந்த போதகர்
ஒரே வரி எழுதினார்:
"இருந்தது, அம்மா."
தலையைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

அடுத்த கோடையில் இன்னொருவன் விழுந்தான்,
எதிர்ப்பக்கத்து விமானி, பத்தொன்பது வயது.
அவனை வேலியோரமாகப் புதைத்தார்கள், தள்ளி.
வெட்டியானின் மகள் விட்ஸ்கே
ஆறு பேர் மேலும் குரோக்கஸ் கிழங்கு நட்டாள்.
கை நிறைய மீந்ததை
வேலியோரம் கொண்டுபோய்ப் புதைத்தாள்.
கட்டாய வேலைக்கு அவள் அண்ணனை
லாரியில் ஏற்றிப் போனது அந்தப் பையனின் நாடு.
அண்ணன் திரும்பவில்லை.
கேட்டவர்களிடம் சொன்னாள்:
"வீணாக்க மனசில்லை, அவ்வளவுதான்."

போர் முடிந்து சில வருடம் கழித்து
வேலியோரத்தவனைத் தோண்டி எடுத்து
அவன் ஆட்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும்
பெரிய மயானத்துக்குக் கொண்டுபோனார்கள்.
எலும்பைத்தான் எண்ணினார்கள், கிழங்கை இல்லை.
ஒவ்வொரு மார்ச்சிலும் அங்கே
ஓர் ஆள் நீளத்துக்கு ஊதா.

இப்போது புல் வெட்டுவது நான்.
இலை தானாக வாடும்வரை
அந்த இடத்தை மட்டும் தொடமாட்டேன்.

எண்பத்து மூன்றில் டாஸ்மேனியாவிலிருந்து
ஐவி டன்ஸ்டன் வந்தாள்,
கிடைக்காத ஏழாமவனின் தங்கை.
வேறொரு நாட்டு நினைவுச் சுவரில்
அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கிறது அவன் பெயர்.
"வார்விக் என்று வாய்விட்டுப் படித்தேன்," என்றாள்,
"கழுத்துதான் வலித்தது."

ஆறு வெள்ளைக் கற்களையும் கடந்து
வேலியோரம் போய் நின்றாள்.
நான் கல்லில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தேன்.
சுரண்டுவதை நிறுத்தினேன்.
அவள் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.
ஈர மண்ணில் மண்டியிட்டு
பூக்களின் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை
சாணால் அளந்தாள், தையற்காரி போல.

"இவ்வளவு உயரம் இல்லையே அவன்," என்றாள்.
"கொஞ்சம் குள்ளம்."

வாயில் இருந்த நாலு ஆங்கிலச் சொல்லில்
இரண்டைத் தேடி எடுத்தேன்.
"பூ பரவும்," என்றேன்.

அது பொய்யில்லை.