முப்பத்தொன்று புள்ளி நான்கு

ஹாப்சலு கரை. பிப்ரவரி. இரவு பதினொன்று.
உறைந்த கடலின் கனத்தை
ஏழு கருவிகள் அளந்து அனுப்பும்.
வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணைச்
சங்கிலியில் பொறிக்கும் எங்கள் நெறிமுறை.
அந்த எண்ணை நம்பித்தான்
காலை ஆறுக்குப் பனிச்சாலைத் தடுப்பு தானே உயரும்.
பொறித்தது பொறித்ததுதான்.
அழிரப்பர் கிடையாது.

கம்பு ரொட்டியைக் கடித்தபடி
திரையைப் பார்க்கிறாள் மாரிகா.
ஐந்து கருவிகள் ஒரே குரலில்:
முப்பத்தொன்று புள்ளி நான்கு.
மிச்சம் இரண்டு
பதினெட்டு, பத்தொன்பது என்று முனகுகின்றன.

"எந்தக் கடலாவது
இத்தனை ஒற்றுமையாய் உறையுமா?"

ஐந்து பெயர், ஐந்து முகவரி, ஐந்து பிணைத்தொகை.
தோண்டத் தோண்ட
ஒரே வாடகை சர்வர், ஒரே ஆள்.
ஆழம் பார்க்க ஐந்து பேரை அனுப்பினோம்;
ஒருத்தன் கரையில் குந்தி
கதை விட்டிருக்கிறான்.

நிறுத்த மூன்று சாவி வேண்டும்.
அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.
மூன்றாவது ஊர்மஸிடம்.
அவர் சானாவில்,
போன் வெளியே கோட்டுப் பையில்.

துளைக்கருவியோடு நானே போனேன்.
நீர் பீறிட்டுக் கையுறை நனைந்தது.
பத்தொன்பது.
என் கையளவை ஏற்க
நாங்கள் எழுதிய நிரலில்
ஒரு வரி இடமில்லை.

சாலை வாயில் குறுக்கே
என் பழைய காரை நிறுத்தி
விளக்கெல்லாம் போட்டுவிட்டு
உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்து பத்துக்கு வந்தது
ஊர்மஸின் கையொப்பம்.
அதற்குள் பால் லாரிக்காரர்
மூன்று முறை ஹார்ன் அடித்து,
என் அம்மாவைத் திட்டி,
திரும்பிப் போயிருந்தார்.